எழுதாமல் விட்ட வளைவு

செலரீனா
6 அக்டோபர் 1974

அன்புள்ள அக்கா,

என் பக்கத்தில் குறையொன்றும் இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மூன்றாவது மாடியை இன்னும் திட்டிக்கொண்டேதான் ஏறுகிறாயா?

நேற்று பனிப்பாதையில் ஓட்டும் பாப் வண்டியின் சறுக்கு இரும்புகளை அலமாரியிலிருந்து இறக்கினோம். குர்தின் உப்புத்தாளும் எண்ணெயுமாக உட்கார்ந்து நான்கு மணி நேரம் தேய்த்தான். "அண்ணே, இதுல முகம் பாத்தே சவரம் பண்ணிக்கலாம்" என்றான். "உன் மூஞ்சிக்கு இது போதும்டா, பனிக்குப் போதாது. இன்னும் தேய்" என்றேன். அவன்தான் போன வருடம் எனக்குப் பின்னால் உட்கார வந்த பிரேக்காரன், ரயில்வேயில் தண்டவாள வேலை, இருபத்தைந்து வயது. அவனுக்குப் போன வாரம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மெங்யா என்று பெயர். கையில் கொடுத்தார்கள். எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை.

தேர்வுப் போட்டி ஜனவரி 18, 19. நம் ஊர்ப் பாதையிலேயே. நான்கு ஓட்டங்களின் நேரத்தைக் கூட்டி, முதல் இரண்டு வண்டிகளை உலகப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். பத்தொன்பது குளிர்காலமாக ஓட்டுகிறேன். மூன்று தடவை மூன்றாவது. இப்போது முப்பத்தேழு வயது. இதற்குமேல் என்ன எழுத.

பிப்ரவரியில் கவிழ்ந்ததைப் பற்றி மறுபடியும் கேட்டிருந்தாய். ஹெல்மெட்டில் கீறல், அவ்வளவுதான். புதிது வாங்கியாயிற்று. முதலாளி இந்தப் பருவத்தில் என்னைக் கூரை வேலைக்கு ஏற விடவில்லை. கொட்டகையில் தகடு வெட்டச் சொல்லிவிட்டார். குளிரில் அதுவும் சௌகரியம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஃபுளூரின்


பாசெல்
15 அக்டோபர் 1974

அன்புத் தம்பிக்கு,

கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலுக்கு டாக்டர் ஊசி போட்டார்; இரண்டு வாரமாக வலி இல்லை. மாடியைத் திட்டுவது மட்டும் பழக்கத்தில் நிற்கவில்லை.

குர்தினுக்கும் அவன் மனைவிக்கும் என் வாழ்த்துகளைச் சொல். மெங்யாவுக்கு ஒரு பார்சல் அனுப்புகிறேன். உள்ளே இருக்கும் இஞ்சி பிஸ்கட் உனக்கல்ல, அந்த வீட்டுக்கு.

ஹெல்மெட்டைப் பற்றி நான் கேட்கவில்லை, உள்ளே இருப்பதைப் பற்றிக் கேட்டேன். டாக்டரிடம் போனாயா, இல்லையா? ஒரு வார்த்தையில் எழுதினால் போதும்.

உன்னிடம் ஒரு வேலை. வகுப்பில் அடுத்த மாதம் வட்டப்பாதையில் போகும் பொருள்மீது செயல்படும் விசையைப் பற்றிப் பாடம். பதினாறு வயதுப் பெண்கள். கரும்பலகை அம்புக்குறிகளைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறார்கள். "மிஸ், உங்க தம்பி நிஜமாவே அதுல போவாரா? பயத்துல கத்துவாரா?" என்று ஒருத்தி கேட்டாள். நீ மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வளைவையும் பெயர் சொல்லி, அங்கே உடம்புக்கு என்ன ஆகிறது என்று எழுதி அனுப்பேன். வாசித்துக் காட்டுகிறேன்.

ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் ஜனவரி 18 தெரியும். உலகப் போட்டிக்கு நான் விடுப்பு கேட்கப்போவதும் தெரியும். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேனோ என்னவோ.

நலமாக இரு.
உர்சினா


செலரீனா
3 நவம்பர் 1974

அன்புள்ள அக்கா,

இங்கே சௌக்கியம். உன் முழங்கால் எப்படி? டாக்டரிடம் காட்டினாயா?

உன் மாணவிகளுக்கு: நாங்கள் கத்துவதில்லை. கத்த நேரம் இல்லை. ஆணி வைத்த காலணியோடு இருபத்தைந்து காலடி ஓடித் தள்ளிவிட்டு உள்ளே குதிப்போம். அதற்கப்புறம் பிரேக்காரன் தலையைக் குனிந்துகொள்வான். எதையும் பார்க்க மாட்டான். நான் மட்டும் பார்ப்பேன். வண்டியைத் திருப்பக் கையில் இரண்டு கயிற்று வளையங்கள். இழுப்பது என்று சொல்லக்கூடாது, நினைப்பது என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் சுவர். வேகம் இன்னும் வராது. அடுத்தது பாம்பு: இடம், வலம், இடம், இங்கே வண்டி ஓரத்தில் உரசினால் கீழே போய்ச் சேரும்வரை அந்த நஷ்டம் கூடவே வரும். பிறகு வெயில் மூலை. பனி கொஞ்சம் மெத்தென்று இருக்கும். பிறகு லாடம். முழுவதும் செங்குத்தான பனிச் சுவரில் ஏறித் திரும்புவோம், கன்னம் தொங்கும், தலை மார்புக்கு இறங்கும், உடம்பின் எடை நாலு மடங்கு. பிறகு டெலிபோன், சின்னது, ஆனால் ஏமாற்றும். பிறகு மரம். மரத்திலிருந்து வெளியே வந்தால் பாலம், ரயில் பாலத்துக்கு அடியில். அதற்கப்புறம் நேர்க்கோடு, மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர். அப்புறம் நம் ஊர், முடிவு.

தினமும் காலையில் காபி கொதிக்கும் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி இதைக் கையாலேயே ஓட்டுவேன். காபி பொங்குவதற்குள் வந்து சேர்ந்துவிடுகிறேன். போன வருடத்தைவிட இரண்டு நொடி குறைந்திருக்கிறது!

ஃபுளூரின்


பாசெல்
9 நவம்பர் 1974

அன்புத் தம்பிக்கு,

நலம்தான். உன் நலமும் அப்படியே இருக்கட்டும்.

வகுப்பில் வாசித்தேன். 'கன்னம் தொங்கும்' என்ற இடத்தில் எல்லாப் பெண்களும் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பாடம் நன்றாக நடந்தது.

ஒரு சின்னத் தொந்தரவு. ஒரு பெண் பூச்சாடியைத் தட்டிவிட்டதில் அந்தத் தாள் நனைந்து மை கரைந்துவிட்டது. இன்னொரு வகுப்புக்கும் வாசிக்க வேண்டும். மறுபடி ஒரு முறை எழுதி அனுப்புவாயா? மேலிருந்து கீழ்வரை, ஒன்று விடாமல்.

உர்சினா


செலரீனா
24 நவம்பர் 1974

அன்புள்ள அக்கா,

நான் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

பட்டியலைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். சுவர், பாம்பு, வெயில் மூலை, லாடம், டெலிபோன், மரம், பாலம், முடிவு. இந்தத் தடவை பூச்சாடியைத் தள்ளி வை.

முக்கியமான செய்தியை மறந்துவிட்டேன். குர்தினுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது! மெங்யா என்று பெயர். கையில் கொடுத்தார்கள், எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை.

வழக்கம்போல டிரோலிலிருந்து பாதை கட்டும் ஆட்கள் வந்துவிட்டார்கள். பனியும் தண்ணீருமாகப் பாதை மேலிருந்து எழும்பிக்கொண்டிருக்கிறது. கிறிஸ்துமஸுக்குள் திறந்துவிடுவார்கள்.

ஃபுளூரின்


பாசெல்
28 நவம்பர் 1974

குர்தினுக்கு,

வீட்டில் மனைவியும் மெங்யாவும் நலமாக இருக்கிறார்களா? நாம் ஒருமுறைதான் சந்தித்திருக்கிறோம். ஆனாலும் வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நானும் ஃபுளூரினும் அந்தப் பாதையின் ஓரத்தில் வளர்ந்தவர்கள். வளைவுகளின் பெயரைச் சொல்லித்தான் எண்ணவே கற்றோம். இந்த மாதம் அவன் எனக்கு அந்தப் பெயர்களை இரண்டு முறை எழுதி அனுப்பினான். இரண்டு முறையும் டெலிபோனுக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய பேய் இல்லை. பேய் வளைவு. பிப்ரவரியில் நீங்கள் இருவரும் கவிழ்ந்த இடம்.

முதல் தடவை அவசரத்தில் விட்டான் என்று நினைத்துக்கொண்டேன். தாள் நனைந்ததாகப் பொய் சொல்லி மறுபடி எழுதச் சொன்னேன். தாள் காய்ந்து என் மேஜையில்தான் இருக்கிறது.

உங்கள் குழந்தை பிறந்ததை அவன் எனக்கு இரண்டு முறை புதுச் செய்தியாக எழுதியிருக்கிறான், ஒரே வார்த்தைகளில்.

பாதையில் இருக்கும் வளைவு மனத்தில் இல்லாதவன் வண்டியை ஓட்டுகிறான். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு அவன் பின்னால் உட்காருகிறீர்கள். உங்களுக்கு என்ன தெரியும் என்று எனக்கு எழுத வேண்டும்.

உர்சினா


சமேடான்
13 டிசம்பர் 1974

மதிப்பிற்குரிய உர்சினா அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீங்கள் அனுப்பிய தொப்பி மெங்யாவுக்குக் கொஞ்சம் பெரிது, வளர்ந்து விடுவாள். பதில் இவ்வளவு தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

கவிழ்ந்த அன்று அண்ணன் எழுந்து நின்று கையசைத்தார். கூட்டம் கைதட்டியது. பிறகு இரண்டு நாள் தூங்கினார். மூன்றாம் நாள் ரொட்டிக் கடைக்குப் போகும் வழியை என்னிடம் கேட்டார். நான் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

மார்ச்சில் மறுபடி ஓடினோம். டெலிபோன் தாண்டியதும் அவர் கை சும்மா இருந்தது. வளைவுக்குள் போன பிறகுதான் திருப்பினார். தப்பித்தோம். அடுத்த ஓட்டத்திலும் அப்படியே. எனக்குப் பாதை தெரியாது அக்கா, தலை குனிந்திருக்கும். ஆனால் உடம்பில் ஏறி இறங்கும் பாரத்தை வைத்து எண்ணிக்கொண்டே வருவேன், எல்லாப் பிரேக்காரர்களும் எண்ணுவார்கள். மூன்றாவது ஓட்டத்தில், டெலிபோன் முடிந்ததும் என் வலது முழங்காலை அவர் இடுப்பில் அழுத்தினேன். உடனே திருப்பினார். நல்ல நேரம் கிடைத்தது.

அதிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்திலும் அழுத்துகிறேன். அவர் ஏன் என்று கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

உண்மையை எழுதச் சொன்னீர்கள். அவருக்காக மட்டும் மறைக்கவில்லை. எனக்கும் உலகப் போட்டிக்குப் போக ஆசை. "ஓட்டம் எப்படி?" என்று என் மனைவி கேட்டால் "அண்ணன் ஓட்டினா தூங்கிக்கிட்டே வரலாம்" என்கிறேன்.

குர்தின்


பாசெல்
17 டிசம்பர் 1974

அன்புத் தம்பி ஃபுளூரினுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை மரியாதைக்காகக் கேட்கவில்லை.

டெலிபோனுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு வளைவு இருக்கிறது. பெயர் பேய். உன் இரண்டு பட்டியலிலும் அது இல்லை. காலையில் நாற்காலியில் ஓட்டும்போது உனக்கு மிச்சமாகும் இரண்டு நொடி எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார். முழங்கால் ஊசியைப் பற்றி அக்டோபரிலேயே எழுதிவிட்டேன். குழந்தை பிறந்ததை நீ எனக்கு இரண்டு முறை சொல்லிவிட்டாய். குர்தின் உன் இடுப்பில் முழங்காலை ஏன் அழுத்துகிறான் என்று அவனிடம் கேள். கோபித்துக்கொள்வதானால் என்மேல் கோபித்துக்கொள். நான்தான் அவனை எழுத வைத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உன் முதல் பட்டியலை வாசித்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பில் நின்று சத்தமாக வாசிக்கிறேன், டெலிபோன் முடிந்ததும் என் வாய் தானாகவே 'பேய்' என்று சொல்லப் போயிற்று, தாளில் 'மரம்' இருந்தது. அன்று மாலையே ரயில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ஒரு மாதம் தாளைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டு, குர்தினுக்கு எழுதிக்கொண்டு, காத்திருந்தேன். பயம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம் இல்லை. நீ வெற்றி மேடையில் நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசை. பத்தொன்பது வருடமாக என் தம்பி, என் தம்பி என்று சொல்லிப் பழகிய வாய் இது. உன் தலையா என் பெருமையா என்று வந்தபோது நான் ஒரு மாதம் யோசித்திருக்கிறேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் பாப் சங்கத்து டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி, உறையில் முகவரியும் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பினால் உன்னை நிறுத்திவிடுவார்கள். ஆனால் நிறுத்துவது நீயாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஜனவரி 15 வரை பொறுப்பேன். உனக்குப் பின்னால் ஒரு குழந்தையின் அப்பா உட்கார்ந்திருக்கிறான். அதற்குமேல் பொறுக்க எனக்கு உரிமை இல்லை.

உர்சினா


பாசெல்
4 ஜனவரி 1975

தம்பிக்கு,

புது வருடம் உனக்கு நல்லபடியாக விடியட்டும். கிறிஸ்துமஸுக்கு நீ வருவாய் என்று இரண்டு பேருக்குச் சமைத்தேன். பார்லி சூப்பை மூன்று நாள் சாப்பிட்டேன்.

உறை இன்னும் மேஜையில்தான் இருக்கிறது.

உர்சினா


செலரீனா
9 ஜனவரி 1975

உர்சினா,

உயிரோடுதான் இருக்கிறேன். கேட்டதற்கு நன்றி.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். பிறகு அதில் என்ன இருந்தது என்று சந்தேகம் வந்து, நேராகவே பார்த்துவிடலாம் என்று மேலிருந்து பாதையோரமாக நடந்தேன். டிரோல்காரர்கள் ஓரம் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். டெலிபோன் தாண்டினேன். எதிரே பெரிய பனிச் சுவர், இரண்டு ஆள் உயரம். மேஸ்திரி அலோய்ஸைப் பார்த்து, "இதை எப்போ புதுசாக் கட்டினீங்க?" என்றேன்.

"நேத்துதான், உனக்குன்னே கட்டினோம். போடா வேலையைப் பாத்துக்கிட்டு" என்றார். நாலு பேரும் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு காட்டோரம் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் மரத்துப்போயிருந்தது.

குர்தினைப் பிடித்தேன்.

"எத்தனை நாளாடா முழங்காலை வெக்கிற?"

"மார்ச்லேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏண்ணே கேக்கல?"

இதற்குப் பதிலை நீயே சொல். உன்னிடம் இருக்கும். உன்னிடம் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. வளைவைக் கரும்பலகையில் போடுகிறவள் அல்லவா நீ.

இப்போது எனக்கு அந்த வளைவு எங்கே என்று தெரியும். தினமும் நடந்து மனப்பாடம் செய்கிறேன். பதினெட்டாம் தேதி ஓடுவேன். உறையை அனுப்புவதானால் அனுப்பு.

ஃபுளூரின்


செலரீனா
21 ஜனவரி 1975

அன்புள்ள அக்கா,

நீ உறையை அனுப்பவில்லை என்று சங்கத்து டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். "என்னப்பா, இந்த வருஷமாவது மூணாவது வராம இருப்பியா?" என்று முதுகில் தட்டினார். பதினைந்தாம் தேதி தாண்டியும் நீ ஏன் அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியாது. உனக்கே தெரியுமோ என்னவோ. நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். குர்தின் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கிறான். ஒரே விஷயம் இரண்டு தடவை வந்தால் அது அவன் தப்பு.

பதினாறாம் தேதி பயிற்சி ஓட்டம். தள்ளுவதற்கு முன்னால், "இன்னைக்கு முழங்காலை வெக்காதே. நானே பாத்துக்கறேன்" என்றேன். "சரிண்ணே" என்றான். இறங்கினோம். லாடம் சுத்தமாக வந்தது. டெலிபோன் தாண்டியதும் பேய்க்காகக் காத்திருந்தேன். அது வந்தது, நான் திருப்பினேன், அக்கா, சரியான இடத்தில், சரியான உயரத்தில். கீழே பலகையில் பார்த்தால் அந்த வாரத்தின் இரண்டாவது சிறந்த நேரம். வண்டி நிற்பதற்கு முன்னாலேயே கத்தினேன். "பாத்தியாடா! பாத்தியா!"

அவன் இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, நான் முழங்காலை வெச்சேன்."

"இல்லடா."

"வெச்சேன்ணே. வெக்காம இருக்க முடியல. எப்பவும் போல அழுத்தமா."

எனக்கு அது தெரியவே இல்லை. அவன் என்னைத் தொட்டதும் தெரியவில்லை. நானாகத் திருப்பியதாகத்தான் நினைவு. இப்போது இதை எழுதும்போதும் நானாகத் திருப்பியதாகவே நினைவு. அவன் பொய் சொல்கிறவன் இல்லை. நானும் இல்லை. அப்படியானால் அந்த வண்டியை யார் ஓட்டியது?

பேய் வளைவை மறந்துபோனது எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. நடந்து பார்த்துத் திரும்பக் கற்றுக்கொண்டுவிடலாம். என் கையை நம்பலாமா என்று என்னிடமே கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது என்பதுதான் பயமாக இருந்தது. வேறு எந்த வேலையிலும் பரவாயில்லை. பின்னால் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு உட்காரும் வேலையில் ஆகாது.

அன்று மத்தியானமே யோஸ்டைத் தேடிப் போனேன். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் என்னை மூன்றாவதாக்கியவன். அவன் பிரேக்காரன் கணுக்காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தான். யோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பிரேக்காரன் வேணுமா?" என்றேன்.

"என்ன, நீ வந்து உக்காரப்போறியா எனக்குப் பின்னால? உன் எடைக்கு வண்டி பாதியிலேயே உக்காந்துடும்."

"குர்தினைத் தரேன்."

முள்கரண்டியைக் கீழே வைத்தான். "விளையாடாதே. அப்ப நீ?"

"எனக்குத் தலையில கோளாறு."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றான். அவன் எனக்காக எழுந்து நிற்பது அதுதான் முதல் தடவை.

குர்தினை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பெரும்பாடு. முதலில் மாட்டேன் என்றான். பிறகு அழுதான். பிறகு யோஸ்டின் காலணி அளவு எவ்வளவு, தள்ளும்போது எந்தக் காலை முதலில் வைப்பான் என்று கேட்டான். அப்போது எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் அப்படிக் கேட்காதவன் நல்ல பிரேக்காரன் இல்லை.

இரண்டு நாளும் நான் மேலே தொடங்கும் இடத்தில் நின்றேன். அவர்கள் போனதும் ஒலிபெருக்கியில் நேரம் சொல்லும்வரை ஒரு நிமிடத்துக்குமேல் ஆகும். வண்டிக்குள் இருக்கும்போது அது ஒரு மூச்சு. மேலே நிற்கிறவனுக்கு எவ்வளவு நீளம் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாமல் போயிற்று. நீ பாசெலில் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பாயே, அதை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவதாக வந்தார்கள். குர்தின் உலகப் போட்டிக்குப் போகிறான். ஓடிவந்து, "உங்க வண்டியில இருந்திருந்தா முதலாவது வந்திருப்போம்ணே" என்றான். "பொய் சொல்லாதடா" என்றேன். "பொய்தான்" என்றான். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வரியை அடித்துவிடச் சொல்கிறான். அடிக்க மாட்டேன்.

சங்கத்து டாக்டரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இப்போது என் முதுகில் தட்டவில்லை. கூர் நகரத்தில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போகச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். வரும் செவ்வாய், மத்தியானம் இரண்டேகால். தேதியைச் சமையலறைச் சுவரிலும் கொட்டகைக் கதவிலும் எழுதிவைத்திருக்கிறேன். முதலாளியும் ஞாபகப்படுத்துகிறேன் என்றார். போய்ச் சேர்வதில் சிரமம் இருக்காது.

ஆனால் அந்த மனிதர் என்ன சொல்வார் என்று எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது. அதைவிட, அவர் சொன்னதை வெளியே வந்ததும் நான் வேறுவிதமாக நினைவு வைத்துக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது. எனக்குச் சாதகமாக. கூட உட்கார்ந்து கேட்க இன்னொரு ஆள் வேண்டும். நான் தப்பாகச் சொன்னால் முகத்துக்கு நேராகச் சொல்கிற ஆள்.

உனக்குப் பள்ளி இருக்கும். முழங்காலும் இருக்கிறது. முடிந்தால் வந்தால் நன்றாக இருக்கும் என்று மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், பார். அது சரியாக வரவில்லை.

வா, அக்கா.

ஃபுளூரின்